மாஸ்க் மாட்டும் நேரம்

அவள் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், கணவர் மூச்சுத்திணறலுக்கு மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசரை மேஜையில் வைத்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். மிஷின் 'கர்ர்' என்று ஓடும் அந்தப் பத்து நிமிடமும் அவளுடைய ராஜ்யம்.

மற்ற நேரத்தில் அவள் வாயைத் திறந்தாலே, "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று குறுக்கே விழுவார். மாஸ்க் மாட்டினால் வெறும் தலையாட்டல்தான். மேனேஜர் எரிந்து விழுந்தது, லிஃப்ட் பாதியில் நின்றது என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பாள்.

அன்று வரும் வழியில் மருந்துக்கடைக்குள் நுழைந்தாள்.

"அண்ணே, அவரோட நெபுலைசர் மருந்து தீரப்போகுது. ஒரு பெட்டி குடுங்க."

"அத டாக்டர் நிறுத்தி ஒரு மாசமாச்சேம்மா! மூச்செல்லாம் சரியாயிடுச்சாம். இப்ப வெறும் சலைன், அதான் உப்புத்தண்ணி, அதத்தான் வாங்கிட்டுப் போறாரு. எதுக்குன்னு கேட்டா, 'அத மாட்டினாத்தான் என் வாய் சும்மா இருக்கும், அவளும் மனசு விட்டுப் பேசுவா'ங்கிறாரு."

வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. 'ம், ஆரம்பி' என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மருந்துக்கடைல ஒரு கதை கேட்டேங்க. முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் மாஸ்க்கக் கழட்டக் கூடாது."

ஆடிக்கொண்டிருந்த தலை அப்படியே நின்றது.