கம்பெனிக்குப் போனவள்

"மருந்து கம்பெனிக்கா? அதுக்கு மசூதி வாசல்ல நின்னு பல்லுக்குச்சி விக்கலாமே!"

துறைத் தலைவர் டாக்டர் ஷல்கானி கத்திய கத்தலில் மருந்தியல் துறையே எழுந்து வந்துவிட்டது. ஜூனியர்கள் டீ கிளாஸும் கையுமாகக் கதவோரம் ஒட்டிக்கொண்டார்கள்.

நஹ்லா தலைகுனிந்து நின்றாள். அதே துறையில் மேல்படிப்பு படித்து, டாக்டர் பட்டமும் வாங்கி, அங்கேயே பாடம் நடத்துகிறவள். சம்பளமில்லாத விடுப்பு கேட்டு வந்திருந்தாள். ஒரே ஒரு வருஷம்.

"டாக்டர், ஆராய்ச்சி எலிக்குக்கூட என் கைக்காசுலதான் தீனி போட்டேன். வீட்ல இனிமே..."

"சொல்லிக் காட்டறியா? எத்தனை கம்பெனிக்காரன் என் வீட்டு வாசப்படி ஏறியிருப்பான், தெரியுமா? ஒருத்தனையும் உள்ளே விடல. ஏன்? அறிவியலை விக்கக் கூடாதும்மா!"

ஜூனியர்கள் பக்கம் திரும்பினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. மனசாட்சியை வித்தவ முகம் இப்படித்தான் இருக்கும்."

விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார். போவதென்றால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம்.

விட்டாள். வழியனுப்ப ஒரு துண்டு பஸ்பூசா கேக் கூட யாரும் வாங்கி வைக்கவில்லை. அவர் கண்ணில் படப் பயம்.

மைக்ரோபஸ் கம்பெனி இருந்த கெய்ரோவைத் தொடும்வரை அழுதாள். அத்தைமார் கேலி அவளுக்குப் பழகிப்போனது. "டாக்டருக்குப் படிச்சாளாம், எலிக்குத்தான் வைத்தியம் பாப்பாளாம்" என்று அவர்கள் சிரித்தால் இவளும் கூடச் சிரித்துவிடுவாள். ஆனால் ஷல்கானி சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? அதுதான் குடைந்தது.

கம்பெனியில் மருந்து விற்பது அவள் வேலை இல்லை. கடைக்குப் போய்ச் சேர்ந்த மருந்து யாருக்கு என்ன கெடுதல் செய்கிறது என்று கவனிப்பது. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே புதிதாக வந்த மூட்டுவலி மாத்திரை பற்றிப் புகார்கள் வர ஆரம்பித்தன. ஃபயூம் ஊரில் இருந்து ஒருவர் போனிலேயே அழுதார். "என் பொண்டாட்டி கண்ணு எலுமிச்சம்பழமாட்டம் மஞ்சளாயிடுச்சு டாக்டரம்மா. அந்த மாத்திரை சாப்பிட்ட பிறகுதான்."

நஹ்லா மேலதிகாரி ஜீஹானிடம் ஓடினாள்.

"மேடம், இதை அரசாங்கத்துக்கு உடனே சொல்லணும்."

"பொறு கண்ணு. ஆலோசகர் வரட்டும். இந்த மாதிரி விஷயமெல்லாம் ரொம்ப வருஷமா அவர்தான் பாத்துச் சொல்றார். பெரிய படிப்பாளி."

கதவு திறந்தது. வாசனை முதலில் வந்தது, பின்னாலேயே புதுக் கோட்டு, அதற்குள் டாக்டர் ஷல்கானி.

நஹ்லாவைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசைய வேண்டுமே! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே அவருக்குக் காபி வந்தது.

"காமாலையா? நம்ம நாட்ல யாருக்கும்மா கல்லீரல் ஒழுங்கா இருக்கு? மாத்திரை மேல பழி போட்டா எப்படி? யாருக்கும் சொல்ல வேண்டாம். விடுங்க."

"அதானே!" என்றாள் ஜீஹான், உயிர் வந்தவள்போல.

நஹ்லாவுக்கு மாணவியாக இருந்தபோது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. ஃபயூம்காரரின் அழுகை காதில் கேட்டது. அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப மாத்திரையால இல்லேன்னு நீங்களே எழுதி, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க டாக்டர்."

உதட்டுக்குப் போன காபி பாதி வழியில் நின்றது.

"கையெழுத்தா?" இருமினார். "நான் எதுக்கும்மா... சரி, எதுக்கும் சொல்லி வச்சிடுங்க. உயிர் விஷயம் பாருங்க."

ஜீஹான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நஹ்லா அதற்குள் எழுந்துவிட்டாள். மதியத் தொழுகைக்கு அழைப்பு வருவதற்குள் புகார் விவரம் சுகாதார அமைச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

லிஃப்ட் அருகே அவர் காத்திருந்தார். இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் அவள் போனாள். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சபாஷ்! சரியான கேள்வி கேட்டே. யாரோட மாணவி நீ!"

பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

"என்னை இங்க பாத்ததை நம்ம துறைப் பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே மகளே. அறிவியல் மேல அதுங்களுக்கு இருக்கற மரியாதை போயிடும்."