பதிவில் இரண்டு குரல்கள்

புகுந்த வீட்டில் செத்துக் கிடந்த மகளின் போனில் ஒரு பதிவு இருந்தது. குரல்களை அடையாளம் காட்டத் தடயவியல் ஆய்வகத்துக்கு வந்திருந்தாள் செங்கமலம். ஆய்வாளர் மெர்லின் அதை ஒலிக்கவிட்டாள்.

"அம்மா, என்னக் கூட்டிட்டுப் போயிரு. அவரு அடிக்கிறாரு."

அடுத்து வந்தது செங்கமலத்தின் குரல். "பொறுத்துக்கடி. ஊரு சிரிக்கும்."

"நான் பேசுனத மட்டும் எடுத்துருங்க மேடம்" என்றாள் செங்கமலம்.

"ஒரு சொல்ல எடுத்தாலும் பதிவோட கைரேகை மாதிரி இருக்குற இந்த ஹாஷ் எண் மாறிரும்மா. யாரோ கை வச்சிருக்காங்கன்னு கோர்ட்டு தள்ளிரும். அடிச்சவன் வெளிய வந்துருவான்."

திரையில் இருந்த நீண்ட எண்ணையே செங்கமலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இன்னொரு முறை போடச் சொன்னாள்.

மகள் கெஞ்சி முடித்ததும் ஒலிபெருக்கியிடம் குனிந்து, "இப்பவே கிளம்பி வந்துரு கண்ணு" என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே பதிவு, "பொறுத்துக்கடி" என்றது.