பீரங்கி இல்லாத சீசன்

"இந்த வருஷம் கப் எங்களுக்குத்தான். தைரியமா எழுதிக்குங்க."

கோச் அடித்துச் சொன்ன வேகத்தில் நிருபரே அசந்துபோனார். கல்லூரிகளுக்கு இடையிலான சாஃப்ட்பால் சீசன் அடுத்த வாரம் ஆரம்பம்.

"போன வருஷம் ஃபைனல்ல உங்களைத் தோற்கடிச்ச டீம் இந்த வருஷமும் வருதே சார்?"

"டீம் வரும். பீரங்கி வராது."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் 'ஓ'வென்று கத்திக் கைதட்டினார்கள். பீரங்கி என்பது எதிரணியில் பந்து வீசும் பிட்சருக்கு இவர்கள் வைத்த பேர். ஃபைனலுக்குப் பிறகு அவள் மைதானத்தின் பக்கமே தலைகாட்டவில்லை என்று பேச்சு.

எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் கேப்டன். பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர். கோச்சின் மகள்.

சும்மா இல்லை. அந்த ஃபைனலில் இவள் பேட் பிடித்து நின்றபோது பீரங்கி வீசிய பந்து எகிறி வந்து, இடது கண்ணுக்கு மேலே அடித்தது. அப்படியே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரி, புருவத்தில் தையல். அதைக்கூட மறந்துவிடலாம்.

"அடிச்சவ ஒரு வார்த்தை வந்து விசாரிச்சாளா பாரு!" என்று அப்பா சொன்னதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

நிருபர் கிளம்பியதும் தோழி ஒருத்தி அவள் காதைக் கடித்தாள்.

"நம்ம பம்பரம் பிராக்டிஸ் முடிஞ்சு தினமும் எங்கே போறா தெரியுமா? பீரங்கி வீட்டுக்கு."

"உளறாதே!"

"நானே பார்த்தேன்டி. வீட்டுக்குப் பின்னாடி காலி மனையில அவ பந்தோட நிக்கிறா, எதிர்ல இவ பேட்டோட நிக்கிறா."

கேப்டனால் நம்ப முடியவில்லை. பம்பரமா? சுழன்று சுழன்று பந்தைத் தடுப்பவள். 'அக்கா, அக்கா' என்று காலையே சுற்றி வருபவள். டீமின் ரகசிய சிக்னல் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி!

அன்று சாயங்காலமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

தோழி சொன்னது அப்படியே நிஜம். காலி மனையின் ஒரு கோடியில் பீரங்கி. மறுகோடியில் பேட்டோடு பம்பரம்.

"ரொம்ப நல்லாயிருக்குடி! எத்தனை நாளா நடக்குது இந்தக் காட்டிக்கொடுக்கிற வேலை?"

பம்பரத்தின் முகம் வெளிறிப்போனது.

"அக்கா... நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"வந்ததாலதானே உன் வண்டவாளம் தெரிஞ்சுது! கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே! நாளைக்கு ஜெர்சியைக் கொண்டுவந்து கொடுத்துட்டு ஓடிப் போயிடு."

பம்பரம் தலையைக் குனிந்துகொண்டாள். வாயே திறக்கவில்லை.

பீரங்கி மட்டும் தூக்கத்தில் நடப்பவள் மாதிரி கிட்டே வந்தாள். வந்தவள், சட்டென்று கேப்டனின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். இன்னொரு கையை உயர்த்தினாள்.

"இது எத்தனை விரல்?"

"ஏய், கையை எடு! என்ன, கிண்டலா?"

"ப்ளீஸ்... எத்தனை?"

"மூணு! இப்ப என்ன அதுக்கு?"

"இது?"

"ஒண்ணு! பைத்தியமா உனக்கு?"

பீரங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். மைதானத்தில் மலை மாதிரி நிற்கிற பெண், குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதாள்.

"தெரியுது... உங்களுக்குக் கண்ணு தெரியுது..."

கேப்டன் திகைத்துப்போய்ப் பம்பரத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இடது கண்ணு போயிடுச்சுன்னு இவ நினைச்சுக்கிட்டிருந்தா அக்கா. இல்லவே இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். போட்டோ காட்டினா, அது கண்ணாடிக் கண்ணுங்கறா. பந்தை எடுத்தாலே உங்க முகம்தான் முன்னாடி வருதாம். கை வீசுது, பந்தை விட மாட்டேங்குது. நான் எதிர்ல நின்னா பயம் கொஞ்சம் கொஞ்சமா தெளியுமேன்னுதான் வந்தேன்."

"எனக்குக் கண்ணு போச்சுன்னு எந்த மடையன் சொன்னான்?"

பம்பரம் பதறினாள். "அதை விடுங்கக்கா! நான் ஜெர்சியைக் கொடுத்துடறேன். நீங்க முதல்ல கிளம்புங்க."

பீரங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பார்க்கணும்னு ஆஸ்பத்திரி வாசல்லயே கிடந்தேன். உள்ளே விடல. உங்க கோச்தான் வெளியே வந்தாரு. 'அந்தப் பொண்ணோட கண்ணைப் பறிச்சுட்டே. இனிமே பந்தைத் தொட உனக்கு மனசு வருமா'ன்னு கேட்டாரு. அப்புறம் என்னால பந்தைத் தொடவே முடியல."

கேப்டனுக்குக் காலடியில் நிலம் நழுவியது.

ஸ்கூட்டரிடம் போனாள். அதிலிருந்த பையைத் திறந்து கிளவுஸை எடுத்து மாட்டினாள். மறுகோடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எழுந்திரு. போடு. நான் பிடிக்கிறேன்."

முதல் பந்து கையை விட்டு வராமல் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது எங்கேயோ பறந்தது. அதற்கடுத்தது பழைய சத்தத்தோடு வந்து கிளவுஸில் அறைந்தது. உள்ளங்கை எரிந்தது. அடுத்த வாரம் தன் டீமே எதிர்கொள்ளப்போகிற பந்து அது என்று கேப்டனுக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பி எறிந்தாள்.

"இன்னும் வேகமா!"

அப்புறம், பக்கத்தில் நின்ற பம்பரத்தை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "அந்தத் திட்டுத் திட்டினேனே... அப்பக்கூட ஏன்டி வாயைத் திறக்கல?"

"காட்டிக்கொடுத்தவன்னு எனக்குப் பேர் வந்தா வந்துட்டுப் போகுது. உங்க அப்பாவை, உங்ககிட்டயே எப்படிக்கா காட்டிக்கொடுப்பேன்?"