போர்க்குதிரை உழுத நாள்

கொள்ளைநோய் வந்து போன பிறகு, கோட்டைப் பிரபுவின் பண்ணையில் ஒரே ஒரு எருதுதான் மிஞ்சியது. பிரபுவின் போர்க்குதிரை வெல்வெட் போர்வையோடு தொழுவத்துக்கு வந்தது.

"ஏய்! பிரபுவின் ஆணையைக் கேள். யார் உழுதாலும் பழையபடி வைக்கோல்தான். பார்லி கேட்டால் சிறை."

"உழுறேன் துரை. ஆனா என் ஜோடி செத்துப்போச்சே. நுகத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

குதிரை சுற்றுமுற்றும் பார்த்தது. அங்கே வேறு யாரும் இல்லை.

"நான் உயர்ந்த வம்சம். போருக்கு மட்டும்தான் போவேன்."

"அப்ப இதையும் போர்னே வெச்சுக்குங்க."

குதிரைக்கு அது நியாயமாகவே பட்டது. தலைக்கவசம் மாட்டி, கொடி கட்டி, நுகத்தில் கழுத்தைக் கொடுத்தது. தேவாலயத்தில் மாலை மணி அடிக்கும்வரை மண்ணோடு மோதியது. கடைசிச் சால் முடிந்ததும் நுரை தள்ள, "வெற்றி!" என்று கனைத்தது.

காரியஸ்தர் வந்து இரண்டின் முன்னாலும் வைக்கோலைப் போட்டுவிட்டுப் போனார்.

"என் பார்லி எங்கே?"

"மெதுவாப் பேசுங்க துரை. சிறையில போட்டுடுவாங்க."

குதிரை ஒரு வாய் மென்றது. இன்னொரு வாய் மென்றது. பிறகு எருதின் பக்கம் நகர்ந்து நின்றது.

"அண்ணே, நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்ப் பிரபுவைப் பார்ப்போமா?"