கல்மண்டபத்தில் விழுந்தது

“விழுந்துடுச்சு! செல்லம்மா, விழுந்துடுச்சு!”

கருணாகரன் வீட்டுக் குளியலறையிலிருந்து இந்தக் கூச்சல் கிளம்பியதும் கல்மண்டபத்தில் அந்தத் தெரு மொத்தமும் பதுங்குகுழிக்குள் குதித்துவிட்டது.

குதிக்காமல் என்ன செய்யும்? ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னைப் பட்டணமே விளக்கணைத்துக் கிடந்த நாற்பத்திரண்டாம் வருஷம்.

அந்த இருட்டை எல்லாரும் சபித்தார்கள். துறைமுகக் குமாஸ்தா கருணாகரன் மட்டும் அதற்குக் கற்பூரம் காட்டாத குறை. பொழுது சாய்ந்தால் மொட்டைமாடியில் ஒரு நீளக் குழாயை வானத்துக்கு நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

நண்டைப் படம் பிடிக்கிறாராம். அந்தப் பெயரில் மேலே ஏதோ ஒரு புகைமூட்டம் இருக்கிறதாம். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு நண்டை ஆகாயத்தில் தேடிய மனுஷன்.

படம் எடுத்த கண்ணாடித் தகடெல்லாம் பாழ். மிச்சம் ஒன்றே ஒன்று. சண்டை முடிகிறவரை சீமையிலிருந்து இனி வராது.

செல்லம்மாவும் தெருவுக்கே கேட்கிற மாதிரி புருஷனிடம் சொல்லிவிட்டாள்: “இந்த தபா நண்டு விழலைன்னா, அந்தக் கொயாயாலதான் அடுப்பூதுவேன், ஆமா!”

அன்று விழுந்தது அதுதான். கடைசித் தகட்டில்.

குழிக்குள் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் குதித்தது யார் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் எல்லாரும் போய் விழுந்தது குண்டுவீச்சுக் காவல் வார்டன் பொன்னுரங்கத்தின் மேல்.

எப்படியோ மேலேறி வந்தவர், டார்ச் லைட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தார். “எங்க விழுந்துச்சு? எங்க?”

குளியலறை இருட்டில் தகடு இன்னும் படம் கழுவுகிற மருந்துத் தண்ணீரில் கிடந்தது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் நண்டு காலி.

செல்லம்மா குளியலறைக் கதவில் முதுகை முட்டுக் கொடுத்து நின்றாள். தினமும் பொன்னுரங்கம் தெருவில் கத்துகிற கத்தலை அவருக்கே திருப்பிக் கொடுத்தாள்.

“வெளக்க அணை நைனா!”

அணைத்துவிட்டார். பழக்கதோஷம்.

ஒருவழியாகத் தகடு வெளியே வந்தது. ஜன்னலைச் சாத்திச் சிமினி விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். கொசுவை நசுக்கின மாதிரி ஒரு கறை.

“காலே காணோமே,” என்றாள் செல்லம்மா. குழாயைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

“இன்னா இது?” என்றார் பொன்னுரங்கம். கால்சட்டையிலிருந்து குழித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு நட்சத்திரம் வெடிச்ச புகை,” என்றார் கருணாகரன்.

“வெடிச்சுதா!” வார்டன் கை விசிலுக்குப் போனது. “எப்போ?”

“ஆச்சு, தொள்ளாயிரம் வருஷம்.”

பொன்னுரங்கம் நிதானமாக யோசித்தார்.

“அப்ப, குழியில கீறவங்களை மேல ஏறச் சொல்லிடலாமா?”