ஐந்து நிமிட வசவு

"உனக்கு மண்டையில இருக்கிறது மூளையா, களிமண்ணா?"

போர்மேன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அச்சகத்தில் நாற்பது பேரை ஒற்றை விரலில் ஆட்டிவைக்கிறவரை, மகள் வயதுப் பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நாராய்க் கிழிக்கிறாள். இவர் வாயைத் திறக்கக் கூடாதாம்.

இரண்டு வாரமாக அவர் நெற்றியில் ஈரப் பஞ்சைக் கட்டி மெல்லிய மின்சாரம் விட்டிருந்தார் டாக்டர். கோபம் வந்தால் உடம்பு கொதிக்காமலிருக்க மூளையைப் பழக்குகிறார்களாம். இன்று பரீட்சை. ஐந்து நிமிடம் வசவு வாங்க வேண்டும், நாடித் துடிப்பை மிஷின் பார்த்துக்கொள்ளும்.

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் வெளியே மனைவி உட்கார்ந்திருக்கிறாளே! "இதை ஒழுங்கா முடிச்சிட்டு வந்தா நம்ம வீடு. பாதியில கத்திட்டு எழுந்து வந்தீங்கன்னா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பல்லைக் காட்டாதே! உன்னைக் கூட்டிக்கிட்டு நாலு பேர் முன்னால போனா என் மானம்தான் போகுது."

நாலாக மடித்துப் பிரித்த கோடு போட்ட தாள் ஒன்றைப் பார்த்துத்தான் அந்தப் பெண் படித்தாள். இத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்கு இதை டைப் அடிக்கக்கூடவா துப்பில்லை என்று போர்மேன் உள்ளுக்குள் கறுவினார். மிஷினில் எண் நூறைத் தொட்டது.

"அழு, நல்லா அழு. அழுதா விட்டுடுவேனா?"

யாரம்மா இங்கே அழுதது? கண் சிவந்ததே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பைத்தியக்காரி, எதையோ பார்த்து எதையோ படிக்கிறாள்.

"உங்க வீட்டுல பிள்ளை வளர்த்தாங்களா, எருமை வளர்த்தாங்களா?"

அடிப்பாவி, செத்துப்போன அம்மா வரைக்கும் போய்விட்டாள்! சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நூற்று முப்பது. அச்சகமாக இருந்தால் இந்நேரம் ஒரு கன்னம் பழுத்திருக்கும். மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மணி அடித்தது. "மன்னிச்சிடுங்க சார்" என்று அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பாஸ் பண்ணிட்டீங்க சார். நாடி எகிறினாலும் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலையே!"

"பாஸாவது மண்ணாவது!" போர்மேனுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "அஞ்சு நிமிஷத்துல ஈரக்குலை நடுங்கிப்போச்சு. இப்படியெல்லாம் பேசுறவன் மனுஷப் பிறவியா? யார் டாக்டர் அந்த ஆளு? என் முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க, நாக்கை இழுத்து வச்சு அறுக்கிறேன்!"

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணிடமிருந்து தாளை வாங்கி அவரிடம் நீட்டினார்.

"எழுதிக் குடுத்தது உங்க சம்சாரம் சார். வீட்டுல பேசினதெல்லாம் நீங்க."