அளந்து போட்ட சோறு

"பொய் சொல்லாதீங்க சார். வெளியே என்ன சாப்பிடுறீங்க?"

டயட்டீஷியனுக்கு அன்று இவர் பதினேழாவது ஆள். பதினேழு பேருக்கும் ஒரே பல்லவி: 'கட்டுப்பாடாத்தான் இருக்கேன் மேடம்.' கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

எதிரே ஓய்வுபெற்ற தபால்காரர், இடது காலில் பெரிய கட்டு. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் ஒரு நோட்டு. ஏழுக்குள் இருக்க வேண்டிய அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பத்தைத் தாண்டியிருந்தது. இன்னும் ஏறினால் ரெண்டு கால்விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் டாக்டர் இங்கே அனுப்பியிருந்தார்.

"நான் பார்த்துப் பார்த்துத்தாம்மா போடுறேன்," என்றாள் மனைவி. "நீ எழுதிக் குடுத்த தாளைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கேன். முதல்ல கீரையும் பீன்ஸும். நார்ச்சத்து முன்னாடி போனா மாவுச்சத்து மெதுவா ஏறும்னு போட்டிருக்கியே. அப்புறந்தான் சோறு. அளந்து ஒரே ஒரு கப். இந்தா, நோட்டைப் பாரு."

ஒரு வேளைகூடத் தப்பாமல் எழுதியிருந்தாள். இத்தனை ஒழுங்கான நோட்டை டயட்டீஷியன் பார்த்ததே இல்லை. எரிச்சல்தான் கூடியது.

"அம்மா கணக்கு சுத்தமா இருக்கு. சாருக்குத்தான் வாயைக் கட்டத் தெரியல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா மேடம். சாயங்காலம் நடக்கப் போறப்போ பன் வாங்கித் தின்னுடுறேன்."

"காலை விட உங்களுக்குப் பன் பெரிசாப் போச்சா?" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

டயட்டீஷியன் ஒரு சீட்டை நீட்டினாள். "அம்மா, எதிர்ல கவுன்ட்டர்ல இதுக்கு ஒரு சீல் வாங்கிட்டு வாங்க."

மனைவி எழுந்து போனாள். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார் தபால்காரர். அவள் கவுன்ட்டரில் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தக் காலோட வெளியே நடக்கப் போகவே கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரே," என்றாள் டயட்டீஷியன். "அப்புறம் எப்படி சார் பன் கடைக்குப் போனீங்க?"

அவர் இன்னொரு தடவை கவுன்ட்டர் பக்கம் பார்த்துக்கொண்டார்.

"பன்னும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். அவளுக்கு ஒரு வருஷமா மறதி. வைத்தியம் பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். ஒரு மணிக்கு அளந்து போடுவா. தட்டைக் கழுவி வெச்சுட்டு, 'இன்னும் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்களே'ன்னு மறுபடியும் அளந்து எடுத்துக்கிட்டு வருவா. எல்லா வேளையும் இப்படித்தான். ரெண்டாவது தட்டு முடிஞ்சப்புறம்தான் நோட்டை எடுத்துக் குடுப்பேன்."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னேன். தட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. ரெண்டு நாள் அடுப்புப் பக்கமே போகல. தன்னால இனி எதுக்கும் பிரயோஜனம் இல்லைன்னு ஒரே அழுகை. அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்ல மேடம். விரல் போனாப் போகட்டும்."

டயட்டீஷியனுக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து எத்தனை பேரை இப்படி விரட்டினோமோ என்று நினைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

சீல் வாங்கிக்கொண்டு மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை ஒட்டுங்க. காய்கறி அதே அளவு. காலையில ரொட்டி இனிமே ரெண்டு துண்டு இல்ல, ஒண்ணு. சோறு அரை கப்."

"அரை கப்பா? அது எந்த மூலைக்கு?" மனைவி பதறினாள். "பன்னை நிறுத்தினாப் போதாதா? சோத்துல எதுக்கும்மா கை வைக்கிறே?"

"அரை கப்தான். அதுக்கு மேல ஒரு பருக்கை கூடாது." குரலை இறுக்கமாகவே வைத்துக்கொண்டாள்.

தபால்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு டயட்டீஷியனைப் பார்த்தார். கைகூப்பினார்.

மனைவி அவர் தோளைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனாள். கதவருகே அவர் காதோடு அவள் சொன்னது உள்ளே வரை கேட்டது.

"ஈவு இரக்கமில்லாத பொண்ணு. நீங்க கவலைப்படாதீங்க. இவளுக்குத் தெரியாம நான் இன்னொரு தடவை போடுறேன்."